பத்தொன்பது சென்டிமீட்டர்

ஆண்கள் ஆட்டத்துக்கு வலை இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று.
எங்களுக்கு இரண்டு இருபத்து நான்கு.
பத்தொன்பது சென்டிமீட்டர் குறைவு.
அதில் சண்டை இல்லை,
விதிப் புத்தகத்தில் இருக்கிறது.

மற்றதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது
என்று கேட்டாள் பவுலின்,
பெரியமேட்டு அரங்கில், பிற்பகல் இரண்டு மணி ஆட்டத்தில்,
மூன்றாவது செட் முடிந்து
தண்ணீர் கேன் காலியானபோது.
ஏசி ஐந்தரைக்குத்தான் போடுவார்கள்.
ஐந்தரைக்கு ஆண்கள் வார்ம்-அப்.

நான் லிபரோ.
அணியில் எனக்கு மட்டும் வேறு நிறச் சட்டை.
சர்வீஸ் போடக் கூடாது,
வலைக்கு மேல் எழும்பி அடிக்கக் கூடாது,
தரைக்கு ஒரு விரல் மேலே பந்தை எடுத்துக்கொடுப்பது என் வேலை.
பதினோரு வருடமாக முழங்கை தேய எடுக்கிறேன்.

பவுலின் நடுவர் மேசையிலிருந்து டேப்பை எடுத்தாள்.
ஸ்டீல் டேப், மஞ்சள் உறை, நுனியில் துரு.
"அளப்போம்" என்றாள். அவ்வளவுதான் கூட்டம், அவ்வளவுதான் தீர்மானம்.

சென்ட்ரல் பக்கம் கட்டிய பேனரை ராத்திரி அளந்தோம்,
மும்தாஜ் தோளில் ஏறி.
ஆண்கள் கேப்டனின் தலை மட்டும் ஒரு மீட்டர் பத்து.
நாங்கள் பன்னிரண்டு பேர், உச்சந்தலையிலிருந்து ஷூ வரை, முப்பத்தெட்டு.
அதிலும் தில்லைநாயகி முகத்தின் மேல் சிமெண்ட் கம்பெனி.

பேப்பரை அளந்தோம்.
ஐந்து செட் போராடி அரையிறுதி ஜெயித்தது நான்கு சென்டிமீட்டர்.
அதில் ஒன்றரை, மும்தாஜுக்கு எப்போது கல்யாணம் என்று.

உடை மாற்ற எங்களுக்குக் கொடுத்தது நாற்காலிக் கிடங்கு.
கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஆறு.
ஆறு சென்டிமீட்டருக்கு
முறை வைத்து இரண்டு பேர் துண்டு பிடித்தோம்.

பரிசுத்தொகையை டேப்பால் அளக்க முடியாது.
இருபது லட்சம், மூன்று லட்சம்.
அட்டைக் காசோலையை அளக்கலாமே என்றாள் தில்லைநாயகி.
சிரித்துக்கொண்டே அளந்தோம்,
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

விரலில் சுற்றும் வெள்ளை பிளாஸ்திரியில்
பால்பாயிண்ட் பேனாவால் எழுதினோம்: 38, 4, 6.
பிளாக் போட எழும்பினால் விரல்தோறும் ஓர் எண்.
பெண்கள் ஆட்டத்துக்கு ஒரே கேமராதான்,
அதிலும் தெரிந்தது.
காதலன் பிறந்தநாளாக இருக்கலாம் என்றார் வர்ணனையாளர்.

செயலாளர் ஞானசுந்தரம் கூப்பிட்டு அனுப்பினார்.
"விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கங்கம்மா.
கூட்டம் வரட்டும், பார்க்கலாம்."
மேசையில் ஒப்பந்தம் விரித்துக் கிடந்தது, பதினோராவது ஷரத்தோடு:
ஷார்ட்ஸின் உள்நீளம் எட்டு சென்டிமீட்டருக்கு மிகாமல்.

எங்களை முன்பே அளந்துவிட்டிருந்தார்கள்.

இறுதி ஆட்டம், கோவை அணியோடு.
நடுவர் விசில் ஊதினார்.
பவுலின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.
எட்டு விநாடி தாண்டினால் புள்ளி எதிரணிக்கு.
எதிரணிக்காரியும் அப்படியே நின்றாள்.
முந்தின ராத்திரி, அவர்கள் லாட்ஜ் மொட்டைமாடியில்
பரோட்டா பொட்டலம் பிரித்துப் பேசியது அது.
ஒன்று பூஜ்யம். ஒன்று ஒன்று. இரண்டு ஒன்று.
யாரும் அடிக்காத பந்துக்கு ஸ்கோர் போர்டு ஏறிக்கொண்டே போனது.
சர்வீஸ் போடும் உரிமை இல்லாத எனக்கு
போடாமல் இருக்கும் உரிமையும் இல்லை.
வேறு நிறச் சட்டையில் சும்மா நின்றேன்.
பன்னிரண்டு பன்னிரண்டில்
மேல் வரிசையில் யாரோ கை தட்டினார்கள்,
அரங்கைக் கூட்டுகிற மகேசுவரியாம். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி.

இந்த வருடம் ஏழு லட்சம்.
ஆட்டம் ஆறு மணிக்கு.
பதினோராவது ஷரத்து இல்லை; பத்துக்கு அடுத்து பன்னிரண்டு.
பவுலினும் இல்லை. "ஃபார்ம் போதாது."
காரணத்தின் நீளம் இரண்டு சொல்.

டேப் என் பையில் இருக்கிறது.
நடுவர் மேசையிலிருந்து ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.
சென்ட்ரல் பக்கம் நேற்று புது பேனர், போனதைவிட உயரத்தில்.
மும்தாஜுக்கு முழங்காலில் ஆபரேஷன்,
தோள் தர முடியாது.
ஏணி இருக்கிற ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.